கூரை வழியாக வரும் வெயில்: பச்சை பிளாஸ்டிக்கிலிருந்து வெள்ளி அடுக்கு வரை

இன்னைக்கு எபிசோட் கார் கூரையைப் பற்றி. கூரையில் என்ன வரலாறு இருக்கப் போகுதுன்னு நினைக்காதீங்க. பிரிஸ்டல் ஊர் டாக்டர் ஒருத்தர், ஒரு நாய், மலேரியா மருந்து, காலேஜைப் பாதியில் விட்ட ஒரு பையன் எல்லாரும் இதில் வர்றாங்க.

நம்ம ஊரில் இப்போ கார் வாங்கப் போகிறவங்க கேட்கும் முதல் மூணு கேள்விக்குள் சன்ரூஃப் வந்துடுது. வாங்கின பிறகு ஏப்ரல் மாச மதியம் ஒண்ணு வரும். அப்புறம் ஆன்லைனில் அதே கண்ணாடிக்கு அளவெடுத்த மாதிரி துணித் திரை தேடுவாங்க. லட்சம் குடுத்து கூரையைத் திறந்துட்டு, ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்து அதை மூடுறது. இதே நாடகம் அமெரிக்காவில் 1954-லேயே ஒரு முறை முழுசா நடந்து முடிஞ்சது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

அந்த வருஷம் ஃபோர்டு கம்பெனி கிரெஸ்ட்லைன் ஸ்கைலைனர் என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. அதன் சகோதர பிராண்டான மெர்குரி அதே யோசனையை சன் வேலி என்ற பெயரில் விற்றது. ரெண்டிலுமே முன் சீட்டுக்கு மேலே கூரையின் முன்பாதி உலோகம் கிடையாது. கால் அங்குல தடிமனில் பச்சை நிற பிளெக்ஸிகிளாஸ். அதாவது கண்ணாடி கூட இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறை மூடிகளுக்குப் பயன்பட்ட அதே பொருள். போர் முடிந்ததும் அதற்குப் புது வேலை தேட வேண்டியிருந்தது, கார் கம்பெனிகளுக்கும் ஜெட் விமானம் மாதிரி ஏதாவது வேண்டியிருந்தது.

வெயில் என்னாகும் என்று அவர்கள் யோசிக்காமல் இல்லை. பாலைவனத்தில் சோதித்துப் பார்த்தோம், சாதாரணக் கூரை போட்ட காரைவிட உள்ளே 5 டிகிரி பாரன்ஹீட்தான் அதிகம் என்றது ஃபோர்டு. அதோடு, உள்பக்கம் பொருத்திக்கொள்ள ஒரு துணித் திரையும் கிடைத்தது. அந்தத் திரை இருந்ததே ஒரு வாக்குமூலம் மாதிரிதான் எனக்குத் தோணுது.

முதல் வருஷம் ஸ்கைலைனர் 13,344 கார்கள் தயாரானது. மோசமில்லை. அடுத்த வருஷம் அதே பச்சைக் கூரை கிரவுன் விக்டோரியா மாடலுக்கு மாறியது: 1,999 கார்கள். 1956-ல் 603. அதோடு கதை முடிந்தது. சன் வேலியும் அதே பாதைதான், 9,761-லிருந்து ஒரே வருஷத்தில் 1,787. சூடு ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. பச்சை பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் வந்து விழும்போது உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லார் முகமும் பச்சையா, மஞ்சள் காமாலை வந்து எழுந்த மாதிரி தெரிந்தது. ஜோடியா ஊர் சுத்தத்தானே அந்தக் காரை வாங்குறாங்க! ஃபோர்டு தன் கார்களில் ஏசியை விருப்பத் தேர்வாகக் கொடுக்க ஆரம்பித்ததே 1955-ல்தான், அதையும் பணம் இருக்கிறவர்கள்தான் வாங்கினார்கள். 1957-ல் ஸ்கைலைனர் என்ற பெயரையே ஃபோர்டு எடுத்து, மடங்கிப் பின்னால் போய்விடும் உலோகக் கூரை வைத்த வேற ஒரு காருக்கு வைத்துவிட்டது.

இதில் ஃபோர்டு எதைத் தவறவிட்டது என்று புரிய, கூச்சம் வேற, சூடு வேற என்பதைப் பிரிக்க வேண்டும். கூச்சம்னா கண் கூசுறது. வெயிலில் போனால் ரெண்டும் ஒண்ணா வருவதால் ஒரே விஷயம்னு நினைக்கிறோம். ரெண்டும் தனித்தனி என்று முதலில் கவனித்தவர் வில்லியம் ஹெர்ஷல், யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே ஆள். டெலஸ்கோப்பில் சூரியனைப் பார்ப்பதற்காக விதவிதமான நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் ரொம்பக் குறைவு, ஆனால் கண்ணில் சூடு தெரிந்தது. வேற சிலவற்றில் வெளிச்சம் நிறைய, சூடு கம்மி. இது ஏன் என்று தோண்டப் போய்த்தான் 1800-ல், நிறமாலையில் சிவப்புக்கு வெளியே, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டர் ஏறுவதைப் பார்த்தார். அகச்சிவப்புக் கதிர் நமக்குக் கிடைத்தது இப்படித்தான்.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் சுமார் பாதி, கண்ணுக்குத் தெரியாத இந்த அகச்சிவப்பு. தெரியும் ஒளி மிச்சத்தில் பெரும்பகுதி. புற ஊதா ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஆகவே, கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் ஒரு கூரை தெரியும் ஒளியை மட்டும் குறைத்திருக்கலாம், மீதிப் பாதி அப்படியே உள்ளே வரலாம். ஹெர்ஷல் முதலில் பார்த்த கண்ணாடிகள் மாதிரி. நிறம் கலந்துவிட்டால் சூடு நின்றுவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உள்ளே வந்த சூடு வெளியே போகாதது அடுத்த பிரச்சனை. இதையும் கார் வருவதற்கு ரொம்ப முன்னாடியே ஒருத்தர் அளந்துவிட்டார். ஜெனீவாக்காரர் ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர், 1767-ல் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை வைத்து வெயிலில் விட்டார். உள்பெட்டியில் 87.5 டிகிரி செல்சியஸ் வந்தது. பிறகு ஒரு சூட்டுப் பெட்டியை ஆல்ப்ஸ் மலை உச்சிக்கே தூக்கிக்கொண்டு போனார். வெளியே குளிர். பெட்டிக்குள் கீழே இருந்த அதே அளவு சூடு. வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்கு அது பெரிய விஷயமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. கண்ணாடி சூட்டுக் கதிரைத் திரும்ப வெளியே விடாததுதான் காரணம் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். 1909-ல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்ணாடி மூடியும் பாறை உப்பு மூடியும் போட்ட ரெண்டு பெட்டிகளை ஒப்பிட்டு, சூடான காற்று எழுந்து வெளியேற முடியாததுதான் பெரிய காரணம் என்று காட்டினார். நிறுத்தி வைத்த காரில் ஜன்னலை விரற்கடை திறந்து வைப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ வுட் கட்சி.

சரி, அகச்சிவப்பை நிறுத்தும் கண்ணாடியை யார் செய்தது? இதற்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை. இங்கிலாந்தில் கண்ணாடி உலைத் தொழிலாளிகளுக்கு இளம் வயதிலேயே கண்புரை வந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் உலையின் வாயைப் பார்த்துக்கொண்டே வேலை. ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டது. அதில் இருந்த வில்லியம் குரூக்ஸ், வெவ்வேறு உலோகங்களைக் கலந்து 300-க்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து பார்த்து 1914-ல் முடிவுகளை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. சீரியம் புற ஊதாவை நிறுத்தியது, ஃபெரஸ் நிலையில் இருக்கும் இரும்பு சூட்டை நிறுத்தியது. உலைக்காரர் கண்ணுக்காகச் செய்த அந்த வேலையின் வாரிசுதான் இன்று நம் கார் ஜன்னல்களில் தெரியும் மெல்லிய பச்சை. அது அழகுக்குப் பூசின நிறம் இல்லை, கண்ணாடிக்குள்ளே கலந்த இரும்பு.

ஆனால் இரும்பு சூட்டை விழுங்குகிறது, திருப்பி அனுப்புவதில்லை. விழுங்கிய கண்ணாடி தானே சூடாகும். கார் ஓடும்போது காற்று மேலே உரசிப் பெரும்பகுதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். டிராஃபிக்கில் நின்றால்? சூடான கண்ணாடி நம் தலைக்கு அரை அடி மேலே ஒரு அடுப்பாக உட்கார்ந்திருக்கும். ஏசி 22-ல் ஓடும், காற்று ஜில்லென்று இருக்கும், உச்சந்தலை மட்டும் கொதிக்கும். ஏசி குளிர்விப்பது காற்றை. தலைக்கு வருவது கதிர்வீச்சு.

இதை ஒரு சின்னக் கணக்காகப் பாருங்க. தெளிவான வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். கூரைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேராக உள்ளே வருவதும், கண்ணாடி விழுங்கி உள்பக்கம் விடுவதும் சேர்த்து 40 சதவீதம் என்றால் 400 வாட். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர் சுமார் 100 வாட் சூடு விடுவார். அப்போ காருக்குள் கண்ணுக்குத் தெரியாத நாலு பேர் கூடுதலாக ஏறி உட்கார்ந்த மாதிரி. டிக்கெட் இல்லாத நாலு பேர்.

ஃபோர்டு தோற்ற பிறகும் அமெரிக்கா இந்த ஆசையை விடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி சைரஸ் ஆஸ்போர்ன் 1944-ல் கொலராடோவின் மலை இடுக்குகள் வழியாக ரயில் எஞ்சின் அறையில் பயணம் செய்தபோது, இந்தக் காட்சி எஞ்சின் டிரைவருக்கு மட்டும்தானா என்று யோசித்ததில் பிறந்தவை விஸ்டா டோம் ரயில் பெட்டிகள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 1964-ல் ஓல்ட்ஸ்மொபீல் விஸ்டா குரூசர் வந்தது, பின் சீட்டுக்கு மேலே நிறமேற்றிய கண்ணாடி வைத்து. (நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் செய்யும் விஸ்டாடோம் பெட்டிகளின் பெயரும் அந்த வழியில் வந்ததுதான்.) 1973-ல் லிங்கன் காரில் நகரும் கண்ணாடிப் பலகை வந்தபோது அதற்கு மூன்ரூஃப் என்று பெயர் வைத்தார்கள். சன் என்ற சொல்லைத் தூக்கிவிட்டு நிலாவைக் கொண்டுவந்தது நல்ல விற்பனைப் புத்தி. கீழே ஒரு மூடித் திரையும் உண்டு. அடுத்த முப்பது வருஷம் தீர்வு பெரும்பாலும் அவ்வளவுதான். கருப்பான கண்ணாடி, அடியில் இழுத்து மூட ஒரு தட்டி.

இப்போ நாய்க்கு வருவோம்.

1852. பிரிஸ்டலில் வில்லியம் பேர்ட் ஹெராபாத் என்று ஒரு டாக்டர். அவருடைய மாணவர் ஒருவர், குயினைன் கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுநீரில் அயோடின் சொட்டு விட்டார். ஏன் விட்டார் என்றெல்லாம் கேட்காதீங்க, அந்தக் காலம் அப்படி. மின்னும் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிப் படிகங்கள் வந்தன. ஹெராபாத் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரெண்டு படிகம் ஒன்றன் மேல் ஒன்று ஒரு கோணத்தில் கிடந்தால் அந்த இடம் கருப்பு, இன்னொரு கோணத்தில் வெளிச்சம். ஒளியைத் துருவப்படுத்தும் படிகம். அதற்கு அவர் பெயரையே வைத்து ஹெராபதைட் என்றார்கள். ஆனால் பெரிய படிகமாக வளர்த்தால் உடைந்துபோகும். எழுபது வருஷத்துக்கும் மேல் அது ஒரு ஆய்வக விநோதமாகவே கிடந்தது.

1926-ல் ஹார்வர்டில் சேர்ந்த எட்வின் லேண்ட் என்ற பையன் முதல் வருஷத்தோடு கிளம்பி நியூயார்க் போய்விட்டான். அவனைப் பிடித்து ஆட்டிய பிரச்சனை, இரவில் எதிரே வரும் கார்களின் ஹெட்லைட் கூச்சம். ஈசிஆரில் ராத்திரி ஓட்டிய யாரும் அவனைப் பாராட்டுவார்கள். பெரிய படிகம் ஏன் வளர்க்கணும், கண்ணுக்கே தெரியாத லட்சக்கணக்கான சின்னப் படிகங்களை ஒரே திசையில் வரிசைப்படுத்தி பிளாஸ்டிக்கில் பதித்துவிட்டால் போதாதா என்று யோசித்தான். 1929-ல் காப்புரிமை கேட்டான். போலராய்டு கம்பெனி அதிலிருந்து வந்தது. எல்லா ஹெட்லைட்டிலும், எல்லா ஓட்டுநர் முன்னாடியும் 45 டிகிரி சாய்த்து ஒரு தகடு வைத்தால் எதிர் வண்டியின் ஒளி மட்டும் அணைந்துபோகும், நம் ஒளி நமக்குத் தெரியும். அற்புதமான யோசனை. ஆனால் ஊரிலிருக்கும் எல்லா வண்டியும் சேர்ந்து மாறினால்தான் வேலை செய்யும். பழைய வெர்ஷன்களோடு ஒத்துப்போகாத அப்டேட் என்னாகும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கார் கம்பெனிகள் அதை எடுக்கவே இல்லை. லேண்ட் கூலிங் கிளாஸ் பக்கமும் கேமரா பக்கமும் போய்விட்டார்.

போகிற போக்கில் 1934-ல் ஒளி வால்வு என்று ஒன்றுக்கும் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அதே மாதிரிப் படிகங்களைத் திரவத்தில் மிதக்க விடணும். மின்சாரம் இல்லாதபோது அவை கண்டபடி திரும்பி ஒளியை விழுங்கும், இருட்டு. மின்சாரம் கொடுத்தால் எல்லாம் ஒரே திசைக்கு நிமிர்ந்து ஒளிக்கு வழிவிடும். எழுதி வைத்த அளவில் எளிது. நடைமுறையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்தன. 1965-ல் நியூயார்க்கில் ராபர்ட் சாக்ஸ் இதற்காகவே ரிசர்ச் ஃபிரன்டியர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். திரவத்தை மொத்தமாக ஊற்றாமல், குட்டித் துளிகளாக ஒரு படலத்துக்குள் அடைத்து, அதை ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் வைக்கும் நிலைக்கு வரவே பல பத்தாண்டுகள் ஆனது. அந்தத் துகள்களும் நீண்ட காலம் சிங்கோனா பட்டையின் சத்துகளையும் அயோடினையும் சேர்த்துச் செய்தவைதான். குயினைன் வரும் அதே பட்டை. 1860-களில் பிரிட்டிஷ்காரர்கள் ஊட்டியிலும் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்களே, அந்த மரம். பிறகு வேற கரிமச் சேர்மம் வந்துவிட்டது, அயோடின் மட்டும் நாய் காலத்திலிருந்து கூடவே வருகிறது.

2011-ல் மெர்சிடிஸ் எஸ்எல்கே காரில் இது மேஜிக் ஸ்கை கண்ட்ரோல் என்ற பெயரில் கூரையாக வந்தது. ஒரு பட்டன் தட்டினால் கருப்பு, இன்னொரு தட்டு தட்டினால் தெளிவு. டெத் வேலி பாலைவனத்தில் சோதித்ததாகவும், உள்ளே 10 டிகிரி செல்சியஸ் வரை குறைந்ததாகவும் கம்பெனி சொன்னது. ஃபோர்டு மாதிரியே இவர்களும் பாலைவனத்துக்குத்தான் போனார்கள். ஆனால் இந்த முறை எண் எந்தப் பக்கம் போனது என்று பாருங்க.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டீஃபால்ட் நிலை. மின்சாரம் இல்லாதபோது கூரை எப்படி இருக்க வேண்டும்? இந்த வகையில் இருட்டாக இருக்கும். கார் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போது, யாருமே இல்லாதபோது, அதுவே மூடிக்கொள்ளும். இப்போது பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ், போர்ஷே டைகான் மாதிரி கார்களில் வரும் இன்னொரு வகை பிடிஎல்சி, நீர்மப் படிகத் துளிகள் கொண்டது. அதுவும் மின்சாரம் இல்லாதபோது மூடும். ஆனால் பால் மாதிரி வெளுத்து ஒளியைச் சிதறடிக்கும், விழுங்காது. கூச்சம் குறையும், பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்க்க முடியாது. சூட்டில் பெரும்பகுதி சிதறியபடியே உள்ளே வந்துவிடும், அதனால் சூட்டுக்கு வேற அடுக்கு தனியாக வேண்டும். விளம்பரத்தில் ரெண்டையும் ஒரே பெயரில் ஸ்மார்ட் கிளாஸ் என்றுதான் எழுதுவார்கள். மூன்றாவது வகை 2005-ல் ஃபெராரி சூப்பர்அமெரிக்காவில் வந்தது. மொத்தம் 559 கார்கள்தான். நிறம் மாற மட்டும் மின்சாரம், அப்புறம் தானாக அந்த நிலையிலேயே நிற்கும். மாறுவதற்கு ஒரு நிமிஷத்துக்குப் பக்கம் ஆகும். சுரங்கப்பாதைக்குள் போய் வெளியே வருவதற்குள் அது யோசித்து முடிக்காது.

இவையெல்லாம் பணக்காரர் வண்டிகள். கண்ணாடிக் கூரையைப் பரவலாக்கியது மின்சாரக் கார். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்துவிடுகிறது. தலைக்கு இடம் வேண்டுமானால் மேலே இருக்கும் பஞ்சு, தட்டி, அது நகரும் தண்டவாளம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு வெறும் கண்ணாடியை வைப்பது சுலபம். 2017-ல் டெஸ்லா மாடல் 3 அப்படித்தான் வந்தது, தட்டியே இல்லாமல். மழை பெய்தால் அந்தக் கூரையில் நீர்த்துளிகள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், கண்ணாடிக்குள் இருக்கும் படலங்களின் விளையாட்டு. அதே கம்பெனி அதே கூரைக்குத் துணித் திரையைத் தனியாக விற்கவும் செய்கிறது. 1954 நினைவுக்கு வருகிறதா?

இன்றைய நல்ல கூரைகள் இரும்பை மட்டும் நம்புவதில்லை. ரெண்டு கண்ணாடிக்கு நடுவே, நானோமீட்டர் கணக்கில், கண்ணுக்குத் தெரியாத வெள்ளி அடுக்குகள். வெள்ளி அகச்சிவப்பை விழுங்காமல் வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அதனால் கண்ணாடி அடுப்பாவது குறைகிறது. சீனாவில் ஒற்றை வெள்ளி, இரட்டை வெள்ளி என்று அடுக்கு எண்ணிக்கையையே விளம்பரத்தில் போடுகிறார்கள். இதற்கும் விலை உண்டு: உலோகம் என்பதால் ரேடியோ அலையையும் தடுக்கும். முன்கண்ணாடியில் இந்தப் படலம் இருந்தால், ஃபாஸ்டேக் ஒட்ட படலமில்லாத ஒரு சின்ன இடத்தை விட்டு வைப்பார்கள்.

நம்ம ஊர் விஷயம் கடைசியாக. கண்ணாடிக் கூரை பிறந்த டெட்ராய்ட் 42 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 24 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 18. அவர்களுக்குக் கூரை வழியாக வரும் வெளிச்சம் குளிர்காலத்தில் ஒரு வரம், புரிகிறது. சென்னையில் டிசம்பரிலேயே 53 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல். அந்த நாட்களின் நடுப்பகலில் பக்கத்து ஜன்னல்களில் நேர் வெயில் ஏறக்குறைய இல்லை, மொத்தமும் கூரையில். நம் சட்டமோ ஜன்னலைப் பற்றித்தான் பேசுகிறது. மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடி 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும், 2012-ல் உச்ச நீதிமன்றம் கருப்பு ஃபிலிமைக் கிழிக்கச் சொன்னதும் அதை வைத்துத்தான். கூரைக்கு இந்தக் கணக்கு கிடையாது, கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் இருட்டாக்கலாம். ஆக நம் ஊர் வெயிலுக்குச் சரியான கூரை போடாததற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

ஷோரூமில் பெரும்பாலும் 99 சதவீத யூவி பாதுகாப்பு என்று பெரிய எழுத்தில் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்காதீங்க. ரெண்டு கண்ணாடியை ஒட்டும் பிவிபி பிளாஸ்டிக்கே அந்த வேலையைச் செய்துவிடும், அதுவும் மொத்த ஆற்றலில் 5 சதவீதத்தைப் பற்றிய பேச்சு. எவ்வளவு இருட்டு என்பதும் பதில் இல்லை, அது கூச்சத்தின் அளவு. கேட்க வேண்டியது மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பது. டிடிஎஸ் என்பார்கள், ஐஎஸ்ஓ 13837 என்ற தர நிர்ணயத்தில் அதற்கு முறை இருக்கிறது. விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால் இன்னொரு வழி: ஏப்ரல் மாதம், மதியம் பன்னிரண்டு மணிக்கு, வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற டெமோ காரைக் கேளுங்க. பின் சீட்டில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஓட்டச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.